வர இயலாதுன்னு ஒரு பட்டன்

தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க போன்ல பேசினது காதுல விழுந்துருச்சு. ஒட்டுக் கேக்கல, பக்கத்து சீட்டு, காதை எங்க கொண்டு போய் வைக்கிறது. 'இதோ வந்துட்டே இருக்கேன், பக்கத்துலதான்'னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் சிரிச்சேன். பஸ் இன்னும் உக்கடத்தையே தாண்டல. நீங்க பக்கத்துல இல்லன்னு அந்தப் பக்கம் பேசினவருக்கும் தெரியும். குத்தம் சொல்லலீங்க. நான் சம்பளம் வாங்கறதே இந்த மாதிரிப் பேச்சை நம்பித்தான்.

என்ன வேலைன்னு கேப்பீங்க. கேக்கலைன்னாலும் சொல்லிடறேன், ஊர் போய்ச் சேர நேரம் இருக்கு. கோயமுத்தூர்ல ஒரு சாப்ட்வேர் கம்பெனி. பெரிய கம்பெனியெல்லாம் இல்ல, கீழ டயர் கடை, மேல நாங்க. கூட்டத்துக்கு நேரம் குறிக்கிற ஆப் ஒண்ணு பண்றோம். ஒருத்தர் 'வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம்'னு போடுவாரு. மத்தவங்க போன்ல அது போய் நிக்கும். வர்றவங்க 'வருகிறேன்'னு அமுக்கணும், வராதவங்க 'வர இயலாது'ன்னு அமுக்கணும். அவ்வளவுதான். அந்தத் திரை எப்படி இருக்கணும், எந்த பட்டன் எங்க, என்ன கலரு, இதெல்லாம் முடிவு பண்றது நான். டிசைன் ஹெட்டுன்னு கார்டு அடிச்சுக் குடுத்திருக்காங்க. என் சம்சாரம் சொந்தக்காரங்ககிட்ட 'பட்டன் வைக்கிற வேலை'ன்னு சொல்லி வச்சிருக்கா. எங்க சித்தப்பா ரொம்ப நாளா என்னை டெய்லர்னு நினைச்சுட்டு இருந்தாரு.

இந்த ஆப்பைப் பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் மில் முதலாளிகள் சங்கம் ஒண்ணு கேட்டுச்சு. தலைவர் ஆறுச்சாமி ஐயா. அவங்க பிரச்சினை என்னன்னா, கூட்டம்னு சொன்னா அத்தனை பேரும் 'வந்துர்றனுங்க'ன்னு சொல்லிடுவாங்க. தலைவரும் அதை நம்பி சமையக்காரருக்கு ஆள் கணக்கு சொல்லிடுவாரு. கடைசியில பந்தியில பாதி இலை சும்மா கிடக்கும். மிச்சமான கேசரியை வீட்டுல வச்சுத் தின்னே எனக்கு சர்க்கரை ஏறிப் போச்சுங்கன்னு தலைவரே சொன்னாரு. யாரு வருவா, யாரு வரமாட்டான்னு நெசத்தைச் சொல்ற மாதிரி ஒரு ஆப் வேணும்னாரு. 'ரெண்டே பட்டன்ல முடிஞ்சுரும்ங்க'ன்னு நான் நெஞ்சை நிமித்திட்டு வந்துட்டேன்.

வந்தா எங்க முதலாளி தேவராஜன் சார் கூப்பிட்டு உக்கார வச்சாரு. இந்தச் சங்கம் எடுத்துக்கலைன்னா ஆப்பையே மூடிடறேன், உங்க டீம்ல எல்லாரும் வேற இடம் பாத்துக்க வேண்டியதுதான்னு சிரிச்ச முகமா சொன்னாரு. அவரு எதையும் சிரிச்ச முகமாத்தான் சொல்லுவாரு. நானும் சிரிச்ச முகமா 'பண்ணிடலாம் சார்'னேன்.

சங்கத்துக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி சோதனை பண்ணணும். எப்படின்னா, ஆப்பை உபயோகிக்கப் போறவங்களையே கூட்டிட்டு வந்து, ஒரு ரூம்ல உக்கார வச்சு, போனைக் கையில குடுத்து, ஒரு வேலையைச் சொல்லுவோம். அடுத்த ரூம்ல நாங்க டிவியில பாத்துட்டு இருப்போம். அவங்க விரலு எங்க போகுது, எங்க தடுமாறுதுன்னு. முக்கியமான விதி, நாம உதவி பண்ணக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. அது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு இத்தனை நேரத்துல உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அதனால ரூமுக்குள்ள தமயந்தி உக்காந்துக்கும். சோதனை நடத்தறதுக்குன்னே படிச்ச பொண்ணு. கெட்டிக்காரப் பொண்ணு, பேச்சு கம்மி.

மொதல்ல வந்தது வெள்ளிங்கிரின்னு ஒரு மில்காரர். மனசுல ஓடறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பண்ணுங்கன்னு தமயந்தி சொல்லுச்சு. 'மனசுல ஓடறதையெல்லாம் வெளிய சொல்ல முடியுங்களா'ன்னாரு அவரு. சரி, வேலையைச் சொன்னோம். தலைவர் வெள்ளிக்கிழமை கூட்டம் வச்சிருக்காரு, அன்னிக்கு உங்களால போக முடியாது, என்ன பண்ணுவீங்க?

"நான் போயிருவனுங்க."

"இல்லீங்க, அன்னிக்கு உங்க மச்சானுக்குக் கல்யாணம்னு வச்சுக்கங்க."

"அப்பக் கல்யாணத்துக்குப் போற வழியில தலைகாட்டிட்டுப் போயிருவனுங்க."

"கல்யாணம் மதுரையிலீங்க."

அவரு போனை ரொம்ப நேரம் பாத்தாரு. விரலு கிட்டப் போச்சு. திரும்பி வந்துச்சு. அப்புறம் போனை மேசையில குப்புறக் கவுத்து வச்சுட்டு, ஒரு டீ கிடைக்குங்களான்னு கேட்டாரு.

டிவிக்கு இந்தப் பக்கம் நான் தொடையைத் தட்டினேன். புரிஞ்சு போச்சு எனக்கு. பட்டன் சின்னது. வயசானவரு, கண்ணுக்குத் தெரியல. அடுத்த சோதனைக்கு 'வர இயலாது'வைப் பெருசாக்கினேன். சிவப்பாக்கினேன். கூடவே ஒரு புத்தி. சும்மா வரமாட்டேன்னா எப்படி, தலைவருக்கு மரியாதை வேண்டாமான்னு, அமுக்கினா கீழ 'காரணம்'னு ஒரு கட்டம் திறக்கற மாதிரி வச்சேன். காரணம் எழுதாம மேல போக முடியாது. அன்னிக்கு என்னை நானே மெச்சிக்கிட்டேன்.

ரெண்டாவது பாக்கியலட்சுமி அம்மா, அவங்களுக்கும் மில் இருக்கு. அந்த அம்மா சிவப்பைப் பாத்த உடனே நாற்காலியில பின்னாடி சாஞ்சுக்கிட்டாங்க. அப்புறம் நிதானமா 'வருகிறேன்'னு அமுக்கிட்டு, 'நான் தலைவரு சம்சாரத்துக்குப் போன் பண்ணி சொல்லிக்கறேன் கண்ணு'ன்னு தமயந்திகிட்ட சொல்லிட்டு எந்திரிச்சுட்டாங்க. அதுக்குப் பின்னால வந்தவங்களும் அதே கதைதான். கையில போன் இருக்கு, எதிர்ல பூசணிக்காய் மாதிரி பட்டன் இருக்கு, ஒருத்தர் கூட அமுக்கல.

நான் பட்டனை மின்ன விடலாமான்னு யோசிச்சேன். சிரிக்காதீங்க, உண்மையாவே யோசிச்சேன். அப்பத்தான் தமயந்தி சொல்லுச்சு.

"சார், அவங்களுக்குப் பட்டன் தெரியுது. அமுக்கறதுக்குத்தான் மனசு வரல."

மனசுக்கெல்லாம் என்னால டிசைன் போட முடியாதும்மான்னு சொல்லிட்டு, ஆம்புலன்ஸ் சிவப்பா, மிளகாய் சிவப்பான்னு ஒரு மத்தியானம் பூரா உக்காந்து பாத்தேன்.

இங்க எங்க டீமைப் பத்தி ஒண்ணு சொல்லணும். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு எங்களுக்குள்ள ஒரு கூட்டம். அன்னிக்கு நடந்த வேலையைப் பேசறது. கூப்பிடறது நான், நம்ம ஆப்லயேதான் கூப்பிடுவேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட யாரும் வரலைன்னு சொன்னதில்ல. எல்லா பேருக்கும் நேரா பச்சை டிக்கு. அதைப் பாத்தா எனக்கு நாத்து நட்ட வயலைப் பாக்கற மாதிரி இருக்கும். வெளியூர்ல இருந்து யாரு வந்தாலும் காட்டுவேன், பாருங்க எங்க டீமோட ஈடுபாட்டைன்னு. போண்டா வாங்கித் தர்றது என் செலவு. அப்ப ஈடுபாடு இருக்காதா பின்ன.

தமயந்தி ஒரு தடவை வந்து என் மேசை கிட்ட நின்னுச்சு. அதுக்கு நாலு வயசுல பையன், ஆதவன்னு பேரு. இன்னும் பேச்சு வரல. காது நல்லாக் கேக்குதாம், பயிற்சி குடுத்தா வந்துரும்னு டாக்டர் சொன்னாராம். செவ்வாய், வியாழன் சாயங்காலம் பயிற்சி. அம்மாவும் கூட உக்காந்து கத்துக்கணும், வேற யாரும் கூட்டிட்டுப் போனா ஆகாது. இதையெல்லாம் இழுத்து இழுத்துச் சொல்லி, 'அந்த ரெண்டு நாள் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பினா பரவாயில்லையா சார்'னு கேட்டுச்சு.

எனக்கு மனசு இளகிப் போச்சு. "இதுக்கெல்லாம் பர்மிஷன் கேக்கணுமாம்மா? தாராளமாக் கிளம்பு. மீட்டிங் முடிஞ்ச உடனே நீதான் மொதல் ஆளாக் கிளம்பணும்"னு சொன்னேன்.

சரிங்க சார்னு போயிருச்சு. நல்லது பண்ணின திருப்தியில நான் அன்னிக்கு நிம்மதியாத் தூங்கினேன். அதுக்கப்புறமும் ரெண்டு மூணு தடவை வந்து ஏதோ சொல்லிச்சு. நானும் ரெண்டு மூணு தடவை தாராளமாக் கிளம்புன்னு சொன்னேன்.

சங்கத்துக்குச் சொன்ன கெடு கிட்ட வந்துருச்சு. தேவராஜன் சார் இன்னும் அதிகமா சிரிக்க ஆரம்பிச்சாரு. கடைசியா ஒரு சோதனை. இந்தத் தடவை கற்பனைக் கூட்டம், கற்பனைத் தேதியெல்லாம் வேண்டாம், நிஜமான காலண்டரை வச்சே பாப்போம்னு முடிவு பண்ணினோம். வர்றேன்னு சொன்ன மில்காரர் வரல. ஆமா, ஆப்ல 'வருகிறேன்'னு அமுக்கிட்டுத்தான் வரல. டீம் பூரா டிவி முன்னாடி உக்காந்துட்டோம், ரூம்ல ஆள் இல்ல. நான்தான் சொன்னேன், தமயந்தி, நீயே உக்காந்துக்க, உன் போன்லயே பாக்கலாம்னு.

அது போய் உக்காந்துச்சு. செவ்வாய்க்கிழமை, சாயங்காலம். போனைத் திறந்தா மேலயே நிக்குது, அன்னிக்கு ஆறரை மணிக் கூட்டம், கூப்பிட்டது நான். தமயந்தி அதைப் பாத்துச்சு. வாய்விட்டு ஒண்ணும் சொல்லல. விரலு நேரா கீழ போச்சு. 'வர இயலாது'.

அமுக்கிருச்சுங்க. தடுமாறவே இல்ல. நான் சீட்டுல இருந்து எந்திரிச்சுக் கை தட்டினேன். எத்தனை மாச உழைப்பு. சிவப்பு வேலை செய்யுது, அளவு சரியா இருக்குன்னு கத்தினேன். மூலையில ஓடற நேரத்தைப் பாத்துக் குறிச்சுக்கச் சொன்னேன். எவ்வளவு சீக்கிரம் அமுக்கிச்சுங்கறதுதானே எங்க தொழில்ல மார்க்கு. திரும்பிப் பாத்தா என் கூட யாரும் கை தட்டல. டீம் பூரா டிவியவே பாத்துட்டு இருக்கு. 'காரணம்' கட்டத்துல தமயந்தி எழுதிட்டு இருக்கு, அதைப் படிச்சுட்டு இருக்காங்க.

'பையனுக்குப் பேச்சுப் பயிற்சி. செவ்வாய், வியாழன். பல தடவை சொல்லிட்டேன் சார்.'

எழுதி முடிச்சு அனுப்பிட்டு, பையை எடுத்து மாட்டிட்டு, எங்க ரூமைத் தாண்டித்தான் படியிறங்கிப் போச்சு. நான் அப்பவும், கட்டம் கூட அருமையா வேலை செய்யுதுன்னுதான் நினைச்சேன். சத்தியமாங்க.

மறுநாள் ஆறரைக்கு நான் போய் உக்காந்தேன். போண்டா வந்துச்சு. ஆள் வரல. போனைப் பாத்தா வரிசையா சிவப்பு. ஒருத்தனுக்கு ஜிம்மு, ஒருத்தருக்கு அம்மாவைக் கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும், ஒரு பொண்ணு 'வீட்டுக்குப் போக வேண்டும்'னு மட்டும் எழுதியிருந்துச்சு. ஒருத்தர் ஆரம்பிச்சு வச்சாப் போதும் போல. பட்டன் இவ்வளவு நல்லா வேலை செய்யுதேன்னு கொஞ்ச நேரம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம் கீழ டயர் கடைக்காரங்க ஷட்டரை இறக்கற சத்தம் கேட்டுச்சு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. இத்தனை நாள் என் முகத்துக்காக வந்து உக்காந்திருக்காங்க. அதை நான் போண்டாவுக்காகன்னு நினைச்சிருந்தாக் கூடப் பரவாயில்ல, என் பேச்சுக்காகன்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன். அவமானமாப் போச்சுங்க.

அடுத்த நாள் தமயந்தியைக் கூப்பிட்டேன். தொழில் ஆர்வம் விடுமா. எந்த இடத்துல உனக்கு அமுக்கலாம்னு தோணுச்சு, சிவப்பா, அளவான்னு கேட்டேன்.

"ரெண்டும் இல்ல சார். வர்றதே இல்லையே, உங்க நேரத்தை வேற பிள்ளைக்குக் குடுத்துடறோம்னு பயிற்சி குடுக்கற இடத்துல இருந்து திங்கக்கிழமை போன் வந்துச்சு. அதான் அமுக்கினேன். இந்த ஆப்பைப் பண்ற எனக்கே அதுக்கு இத்தனை நாள் ஆச்சு. அந்த மில்காரர் தலைவருக்கு எப்படி சார் அமுக்குவாரு?"

நான் பேசாம இருந்தது அன்னிக்குத்தான்னு டீம்ல சொல்லிக்கறாங்க. அதுவே தொடர்ந்து சொல்லுச்சு. நம்ம ஊர்ல யாரும் பெரியவங்ககிட்ட முடியாதுன்னு சொல்றதில்ல, இன்னொரு நாள் பாக்கலாங்கன்னுதான் சொல்லுவாங்க, அதையே எழுதுங்க, சிவப்பை எடுங்க, காரணத்தை எடுங்கன்னு. எடுத்தோம். 'வர இயலாது' போச்சு, 'இன்னொரு நாள் பாக்கலாம்' வந்துச்சு, வருகிறேன் இருக்கற அதே கலர்ல. வெள்ளிங்கிரி ஐயாவைத் திரும்பக் கூட்டிட்டு வந்தோம். டீ வந்து சேர்றதுக்குள்ள அமுக்கிட்டு, 'வேற ஏதாச்சும் இருக்குங்களா'ன்னு கேட்டாரு.

சங்கம் எடுத்துக்கிச்சு. இப்பப் பந்தியில இலை காலியா இருக்கறதில்லையாம். விழா வச்சு எனக்குத்தான் பொன்னாடை போத்தினாங்க. விழாவுக்குத் தேதி குறிச்சது நான்தான், வியாழக்கிழமை சாயங்காலம், எல்லாருக்கும் வசதியான நேரம். தமயந்தி வரல. இன்னொரு நாள் பாக்கலாம்னு அமுக்கியிருந்துச்சு. பொன்னாடைக்குக் கூட ஒருத்தர் இன்னொரு நாள்னு சொல்லுவாங்களா? எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான். பையன் இப்பப் பேசறானாம். எதைக் குடுத்தாலும் 'வேணாம்' 'வேணாம்'ங்கறானாம். தோசை வேணாம், சட்டை வேணாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்குது அந்தப் பொண்ணு. அவ்வளவு சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

நானா? உடுமலைக்குப் போறேன். தங்கச்சி வீட்டுக்கு. அவ பொண்ணு மிதுனாவுக்கு நாளைக்குக் காது குத்து. நான் தாய்மாமன், என் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். எங்க வழக்கத்துல ஒத்தைப்படை வயசுலதான் குத்துவாங்க. ஒரு வயசுல தேதி வச்சப்ப எனக்கு ஆபீஸ்ல நேரம் அமையல. மூணு வயசுல வச்சப்ப இந்த நார் மில் வேலை. தங்கச்சி ஒரு வார்த்தை சொல்லலியே. 'உனக்கு எப்ப வசதியோ அப்ப வச்சுக்கலாம்ணா'ன்னுட்டா. ரொம்ப அனுசரணையான பொண்ணுங்க. இப்ப அஞ்சு ஆயிருச்சு. ஸ்கூல்ல மத்த பிள்ளைங்க எல்லாம் தோடு போட்டுட்டு வருதுன்னு இது ஸ்டிக்கர் தோடு ஒட்டிட்டுப் போகுதாம். வேர்த்தா விழுந்துருமாம்.

ஒரு நிமிசம், போன்.

தேவராஜன் சாருங்க. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குக் கூட்டம். புதுசா ஒரு பார்ட்டி வர்றாங்களாம், நீங்க இருந்தா நல்லா இருக்கும்னு போட்டிருக்காரு. லீவு சொல்லிட்டுத்தான் வந்தேன். மறந்திருப்பாரு. நம்ம ஆப்லயே கூப்பிட்டிருக்காரு, பாருங்க, எவ்வளவு அழகா வந்து நிக்குது.

ஆமாங்க, அதான், 'இன்னொரு நாள் பாக்கலாம்'. அமுக்க வேண்டியதுதான். அமுக்கிருவேன். அவரு சாதாரணமா இப்படிப் போட மாட்டாரு, அதான் பாக்கறேன். காது குத்து எட்டு மணிக்கு மேல. முடிஞ்ச உடனே பஸ் பிடிச்சாலும் பத்தரை ஆயிரும். இல்லைன்னா தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா அவ புரிஞ்சுக்குவா. புரிஞ்சுக்குவாங்க. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. அதுதான் இப்ப பயமா இருக்கு.

அடுத்தது ஏழு வயசுங்க. இன்னும் ரெண்டு வருசம் அந்தப் பிள்ளை ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போகணும். அப்படியும் விரலு போக மாட்டேங்குது. இந்த எழுத்தை, இந்தக் கலரை, இந்த இடத்தை எல்லாம் நானே பாத்துப் பாத்து வச்சதுங்க.

சார், ஒரு உதவி பண்ணுங்க. இந்தாங்க, பிடிங்க. நீங்களே அமுக்கிருங்க. நான் ஜன்னல் பக்கம் பாத்துக்கறேன். கீழ, வலது பக்கம். அவசரம் இல்ல, நல்லா யோசிச்சு, ரெண்டையும் ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு.

அமுக்கிட்டீங்களா? போயிருச்சா? ஏங்க, அமுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா.

இல்ல, இல்ல, நல்லதுதான் பண்ணீங்க. குடுங்க, அணைச்சுப் பையில போட்டுடறேன். நாளன்னிக்கு சார் கேட்டா, பஸ்ல பக்கத்துல இருந்தவர் அமுக்கிட்டாருன்னு சொல்லிக்கறேன். பேரைச் சொன்னா நம்புவாரு. ஆமா, உங்க பேரு என்னங்க?